மைனருக்குப் போட்ட ஷாம்பு

அன்று சாயங்காலம் பட்டியில் இருந்தவர்கள்: என் அம்மா, அம்மாவின் மகளிர் குழுவைச் சேர்ந்த நான்கு பெண்கள், அந்த ஐந்து வீட்டுக்கும் சொந்தமான பதினெட்டு பெட்டை ஆடுகள், மைனர் என்கிற எங்கள் செம்மறிக் கடா, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையோடு நான் (படிப்பு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது, அட்டையைக் கழற்ற மனசு வரவில்லை).

இல்லாதவர்கள்: என் அப்பா. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் தோட்ட வேலை பார்ப்பவர். அன்று அவருக்கு லீவு. இருந்தாலும் "வேலை கீது" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். அடுத்து, மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா. அவரை நான் கூப்பிடவே இல்லை. நான்தான் இருக்கிறேனே!

இவர்களைத் தவிர, அவசியம் வந்திருக்க வேண்டிய இன்னொன்றும் அன்று வரவில்லை. அது வரவில்லை என்பது எனக்குப் புரியப் பதினெட்டு நாள் ஆயிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்ற சாந்தி அக்காவுக்கு அது அரை நிமிடத்தில் புரிந்தது. விலங்கியல் பட்டதாரி நான்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அதுவும் குழுவில் சேர்ந்த பிறகு வந்தது. அதனால் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை, எதிர்வீட்டு நிலத் தகராறு, எல்லாவற்றுக்கும் என் தீர்ப்பே முடிவு. எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய ஒருவனுக்கு நாளடைவில் எல்லாமே தெரியும் என்ற நோய் வந்துவிடுகிறது. எனக்கு இருபத்திரண்டு வயதில் வந்தது.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா தலைமுறை வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் நாங்கள். இப்போது ஆண்கள் கிடைத்த வேலைக்குப் போகிறார்கள், பெண்கள் ஆடு வளர்க்கிறார்கள். ஆட்டில் ஒரே பிரச்சினை, குட்டிகள் ஒரே சமயத்தில் பிறப்பதில்லை. இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் இரண்டு. பைக்கில் வரும் தரகர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, தான் சொன்ன விலைக்கே வாங்கிப் போவார். செங்கல்பட்டு வியாபாரி ஒருவர் மட்டும் அம்மாவிடம், "ஒரே வயசுல பதினைஞ்சு குட்டி குடும்மா, வண்டி எடுத்தாந்து எடை போட்டு வாங்கிக்கிறேன்" என்றார். அந்தப் பேச்சு அம்மாவின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான் நான் மூன்று நாள் ஆடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வந்தேன். அங்கே ஒரு டாக்டர், ஹார்மோன் ஏற்றிய பஞ்சைப் பெட்டை ஆட்டுக்குள் சில நாட்கள் வைத்து எடுத்து, ஓர் ஊசியும் போட்டால், மொத்த மந்தையும் ஒரே நேரத்தில் பருவத்துக்கு வரும் என்றார். ஓர் ஆட்டுக்கு இவ்வளவு செலவு என்று நான் வீட்டில் வந்து சொன்னதும், அம்மா பஞ்சையும் ஊசியையும் என்னையும் சேர்த்து வெளியே அனுப்பினாள்.

ஆனால் அதே டாக்டர் டீ குடிக்கும்போது இன்னொரு வழியும் சொல்லியிருந்தார், செலவே இல்லாதது. வெயில் காலத்தில் இளைத்து, முட்டை விடுவதை நிறுத்திச் சும்மா இருக்கும் பெட்டைகளை ஒரு மாதம் கடாவிடமிருந்து மொத்தமாகப் பிரித்து வைக்க வேண்டும். அதன் உருவம் தெரியக் கூடாது, குரல் கேட்கக் கூடாது, நாற்றம் எட்டக் கூடாது. பிறகு ஒரு நாள் திடீரென்று கடாவை உள்ளே விட வேண்டும். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் பெட்டையின் மூளை முழித்துக்கொள்ளும். ஹார்மோன் சுரக்கும். இரண்டு மூன்று நாளில் கருமுட்டை வெளிவந்துவிடும். இந்த முதல் தடவை நடப்பது வெளியே தெரியாது. அடுத்த சுற்றில், ஏறக்குறைய பதினெட்டாம் நாளிலிருந்து, எல்லா ஆடுகளும் கும்பலாகப் பருவத்துக்கு வரும்.

'நாற்றமே மருந்து' என்று நோட்டில் எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு கோடுகளும் இருக்கின்றன.

குழுப் பெண்களுக்கு நான் வகுப்பு எடுத்தேன். கரும்பலகை இல்லாததால், கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டியிருந்த காதணி விழா பிளெக்ஸ் பேனரைக் கழற்றி, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஆட்டின் தலையை வரைந்தேன். தலைக்குள் மூளை, மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி, அங்கிருந்து வால் வரைக்கும் ஒரு நீண்ட அம்பு, அம்பின் முனையில் இரண்டு சினைப்பைகள்.

"இது இன்னாடா, எலுமிச்சம்பழமா?" என்றாள் அஞ்சலை சித்தி.

"சினைப்பை சித்தி. இதுக்குள்ளதான் முட்டை கீது."

"ஆடு முட்ட போடுமாடா?"

"அந்த முட்டை இல்ல சித்தி, இது கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதத நீ எப்டிடா இம்மாம்பெருசா வரஞ்ச?"

சாந்தி அக்கா குறுக்கிட்டாள். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவள். முன்வரிசையில் கன்னத்தில் கைவைத்து, என் கல்லூரியில் ஒருவன்கூடக் கேட்காத கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ சும்மாரு சித்தி. டேய் பிரபு, நாத்தம் மூக்குல ஏறணும். மூக்குலேர்ந்து மூளைக்கு, மூளைலேர்ந்து கீழ. அவ்ளோதான?"

"அவ்ளோதான்க்கா."

"அப்ப நாத்தந்தான் மெயினு."

"நாத்தந்தான் மெயினு!" என்றேன், முதல் மாணவி கிடைத்த பூரிப்பில். அப்போது காற்றடித்துப் பேனர் திரும்பிக்கொண்டது. காது குத்திய குழந்தை எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. அது சகுனம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மாதம் கடா இல்லாமல் ஆட்டை வைத்திருக்க யாருக்கும் இஷ்டமில்லை. ஒரு மாதம் என்பது அவர்களுக்கு ஒரு மாதக் குட்டி நஷ்டம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அம்மா எழுந்தாள். குழுவுக்கு அந்த வருடம்தான் தலைவியாகியிருந்தாள், பணப்பெட்டிச் சாவி அவள் முந்தானை முடிச்சில்தான் இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் அவளைத் 'தலைவி' என்று கூப்பிடுவதை முதல் தடவை கேட்டபோது, அம்மா திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாளாம்.

"என் புள்ள சொல்றான். படிச்ச புள்ள. நடக்கலன்னா பொட்டிச் சாவிய உங்க கையில குடுத்துட்டு எறங்கிக்கிறேன்" என்றாள்.

நான் அவளைத் தடுத்திருக்க வேண்டும். அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

மைனரை எங்கே அனுப்புவது? புதுப்பட்டினத்தில் என் அத்தை சரோஜா இருக்கிறாள், அப்பாவின் தங்கை. அணுமின் நிலையத்து ஸ்டாஃப் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாஸ்தா கடை. அங்கிருந்து கடாவின் நாற்றம் எங்கள் ஊர் வரை வர வழியில்லை. கொண்டுபோய்க் கட்டினேன்.

அடுத்த ஒரு மாதம் நான் மனிதனாக இல்லை. மைனரின் பழைய கயிற்றை எரித்தேன். அது படுத்த மண்ணை வெட்டி அள்ளிக் கொட்டினேன். சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், மறுபடியும் சுண்ணாம்பு. மைனரைத் தூக்கி வண்டியில் ஏற்றிய பாவத்துக்காக அப்பாவின் சட்டையை மூன்று முறை துவைக்க வைத்தேன். காலையும் மாலையும் குனிந்து பட்டியைச் சுற்றிச் சுற்றி முகர்ந்துகொண்டே வருவேன்.

"மோப்ப நாய் வேலைக்கு எழுதிப் போடேண்டா," என்றார் அப்பா. "கவர்மெண்டு உத்தியோகம்."

ஒன்பதாம் நாள் அத்தை போன் செய்தாள்.

"டேய் பிரபு, இது ஆடாடா, சாக்கடையா? ஸ்டாஃப் பஸ்ஸுக்கு நிக்கிற சாருங்கல்லாம் மூக்கப் பொத்திகினு எதிர்க்கடைக்கு நாஸ்தா துன்னப் போறாங்க. என் பொழப்பே பேஜாரா பூடுச்சுடா!"

இந்த இடத்தில் என் மண்டைக்குள் என்ன நடந்தது என்பதை நான் விளக்கியாக வேண்டும், வேறு வழியில் என்னை மன்னிக்க முடியாது. ஒன்பது நாளாக நான் ஒரே ஒரு எதிரியோடு போராடிக்கொண்டிருந்தேன். அதன் பெயர் நாற்றம். போன் வந்தபோதும் கையில் பிளீச்சிங் பவுடர் டப்பாதான் இருந்தது. எதிரி புதுப்பட்டினத்திலும் தலைகாட்டுகிறான் என்று தெரிந்ததும் ஒரு தளபதியின் வேகத்தில் உத்தரவு போட்டேன்.

"குளிப்பாட்டிடு அத்த."

"சோப்பாடா?"

"ஷாம்பு போடு, சுத்தமாப் பூடும். டப்பு நான் தந்துட்றேன்."

போனை வைத்துவிட்டு நோட்டில் ஒரு டிக் அடித்தேன். எதற்கு டிக் என்று இன்றுவரை தெரியவில்லை.

முப்பத்திரண்டாம் நாள் நண்பனின் மொபெட்டை இரவல் வாங்கிக்கொண்டு புதுப்பட்டினம் போனேன். கடை வாசலில் ஓர் ஆடு நின்றது. எங்கள் ஆடு என்று எனக்குத் தெரியவில்லை. செம்பட்டை ரோமம் செப்புக் குடம்போல மின்னியது. கொம்பில் நல்லெண்ணெய், நெற்றியில் குங்குமம், கழுத்தில் ஒரு முழம் மல்லிகை, முகத்தில் (ஆட்டுக்கு முகம் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது, அத்தை எல்லா இடத்திலும் போட்டிருந்தாள்) பவுடர்.

"இன்னா அத்த இது?"

"பதினெட்டுப் பொண்ணு பாக்கப் போறான், அழுக்காவா அனுப்புவாங்க? வந்த வூட்டுலேர்ந்து மாப்ள மாரி போவ வேணாவா?" என்றாள் அத்தை. எங்கள் குடும்பத்தில் இரவல் வாங்கிய குழம்புக் கிண்ணத்தைக்கூடத் தேய்த்துப் பளபளவென்றுதான் திருப்பித் தருவார்கள். அத்தை அந்த நியாயத்தைக் கடாவுக்கும் செய்திருந்தாள்.

நான் குனிந்து மைனரின் கழுத்தில் மூக்கை வைத்து இழுத்தேன். "சூப்பரா மணக்குது அத்த!" என்றேன்.

உலகத்தில் அந்த நிமிடம் அதைச் சொல்லியிருக்கவே கூடாத ஒருவன் உண்டென்றால் அது நான்தான். நாற்றமே மருந்து, இரண்டு சிவப்புக் கோடு. நோட்டு என் முதுகுப் பையிலேயே இருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மைனரைக் கால்களுக்கு நடுவே நிற்க வைத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். மாமல்லபுரம் போகும் கார்களில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தார்கள். ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நான் கையசைத்தேன்.

ஆக, நான் முதலில் சொன்ன அந்தச் சாயங்காலம் வந்தது. அம்மா, நான்கு பெண்கள், பதினெட்டு ஆடுகள். நான் படலைத் திறந்து மைனரை உள்ளே விட்டேன். பதினெட்டுத் தலைகளும் நிமிர்ந்தன. அஞ்சலை சித்தியின் கிழ ஆடு முன்னால் வந்து மைனரின் கழுத்தை முகர்ந்தது. ஒரு தும்மல் போட்டது. போய்த் தழை தின்ன ஆரம்பித்தது. மற்ற பதினேழும் அதையே செய்தன, தும்மலைத் தவிர.

மைனர் நடுவில் தனியாக நின்றான். மண்டபம் மாறி வந்துவிட்ட மாப்பிள்ளையைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு தன் மல்லிகையைத் தானே தின்றான்.

"இன்னாடா, தூரத்துச் சொந்தம்னு கூட ஒண்ணும் திரும்பிப் பாக்கல?" என்றாள் சாந்தி அக்கா.

"இப்ப வெளிய தெரியாதுக்கா. உள்ள நடக்குது."

"உள்ள நடக்குதுன்னு ஒனுக்கு யாரு சொன்னா? ஆடு சொல்லுச்சா?"

"பதினெட்டு நாள் பொறுங்கக்கா."

பொறுக்க முடியாதவன் நான்தான். காலை ஐந்து மணிக்கு ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, சாயங்காலம் மூன்று முறை பட்டிக்குப் போனேன். நோட்டில் 'வால் ஆட்டுதல்' என்று ஒரு கட்டம் போட்டேன். ஆடு எப்போதும் வாலை ஆட்டும் என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. கட்டத்தை அடித்தேன். ஏழாம் நாள் ஓர் ஆடு மைனரின் பக்கத்தில் போய் நின்றது. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். ஆடு மைனரின் முதுகில் ஒட்டியிருந்த புளிய இலையைத் தின்றுவிட்டுப் போனது.

அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. தினமும் சோறு போடும்போது, "இன்னிக்கு எத்தினியாவது நாளு?" என்பாள், அவ்வளவுதான். பதினேழாம் நாள் அவள் அதையும் கேட்கவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து புளி போட்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். குழுவின் பெட்டிச் சாவி.

"இத ஏம்மா தேய்க்கற?"

"திருப்பித் தர்றப்போ அழுக்கா தரக் கூடாதுல்ல."

இந்த இடத்தில் எழுதச் சிரிப்பு எதுவும் எனக்கு வரவில்லை. நகர்கிறேன்.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். பதினெட்டு ஆடுகளும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. மைனர் அவற்றுக்கு நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கினாள் சரோஜா அத்தை. கையில் இட்லித் தூக்கு. நேராகப் பட்டிக்கு வந்து, "எங்க என் மாப்ள?" என்று மைனரைத் தடவப் போனவள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்வாங்கினாள்.

"ஐயே! மறுபடியும் இன்னாடா இப்டி நாறுது? வாரத்துக்கு ரெண்டு தபா ஷாம்பு போட்டு எப்டிக் கமகமன்னு அனுப்பி வச்சேன்! ஒரு ஆட்டக் கூடச் சுத்தமா வச்சிக்கத் தெரியல ஒங்களுக்கு!"

சாந்தி அக்கா மெதுவாக எழுந்தாள். அத்தையைப் பார்த்தாள். மைனரைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ஷாம்பு போட்டீங்களா?"

"ஆமா. இவன்தான் போடச் சொன்னான்."

"டேய் பிரபு. நாத்தந்தான் மெயினு?"

நான் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

"மருந்தக் கழுவிட்டியாடா, பாவி!"

முதலில் சிரித்தது அஞ்சலை சித்தி. பிறகு எல்லோரும். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து. விஷயம் விளங்காமலே அத்தையும் சிரித்தாள். ஆடுகள் எழுந்து நின்று பார்த்தன. அன்றைக்கு அவை காட்டிய ஒரே அறிகுறி அதுதான். பட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் இடம் இருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. பளபளக்கும் சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இந்தாங்க. சொன்னா மாரி எறங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு. என் புள்ள செஞ்சதுதான் தப்பு. அவன் சொன்னது தப்பில்ல. அத இன்னும் நாம செஞ்சே பாக்கல."

சாந்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் விரல்களைச் சாவியின் மேல் மடக்கி மூடினாள். "வச்சிக்க தலைவி. இன்னொரு தபா செய்வோம். கெடாவ நான் சூளைக்கு ஓட்டிகினு போறேன், அங்க மனுசங்களே குளிக்கிறதில்ல. ஆனா இவன் போன புடுங்கி வச்சிடு."

பிடுங்கி வைத்தார்கள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் பிறகு போய் நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. "கழுவினப்புறம் நாற்றம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்திருக்கும், ஆடுங்களுக்கு அது பழகியிருக்கும். திடீர்னு வந்தாதான் வேலை செய்யும். வேற காரணமும் இருக்கலாம்" என்றார். பிறகு, "பவுடரும் போட்டீங்களா?" என்று கேட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

முப்பத்தைந்து நாள் கழித்து, சூளைப் புழுதியோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் மைனர் திரும்பி வந்தான். தெருமுனையில் வரும்போதே தெரிந்தது. அந்தத் தடவை அப்பாவும் பட்டியில் இருந்தார், துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு. படலைத் திறந்ததும் பதினெட்டு ஆடுகளும் எழுந்தன. ஒன்றுகூடத் தும்மவில்லை. அதற்குப் பத்தொன்பதாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு மைனருக்குத் தழை தின்ன நேரமில்லை. பதினெட்டில் பதினைந்து சினையாயின. குட்டிகள் ஒரே வயதில் வளர்ந்தன. செங்கல்பட்டு வியாபாரி வண்டி கொண்டுவந்து, தராசில் நிறுத்தி வாங்கிப் போனார். பெட்டிச் சாவி இன்னமும் அம்மாவிடம்தான் இருக்கிறது.

எனக்கு மிஞ்சியது வேறு. ஊரில் என் பெயர் பிரபு என்பது ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். மற்றபடி ஷாம்பு.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முன் துண்டோடு குளியலறைக்குப் போனால், வாசலை மறித்துக்கொண்டு குழுவின் ஐந்து பெண்களும் நிற்கிறார்கள், அம்மா உள்பட.

"குளிக்காதடா ஷாம்பு! அப்புறம் பொண்ணு தும்மிட்டுப் பூடும்!"

பெண் வீட்டார் கலவரமடைந்தார்கள். நாதஸ்வரம் ஒரு பக்கம் வாசிக்க, என் மாமனாருக்குப் பனியனோடு நின்று, ஆட்டின் மூக்கு, மூளை, சுரப்பி, கருமுட்டை எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க குளிங்க மாப்ள, எங்க பொண்ணுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். (இப்போது நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் குளித்தால் என் மனைவி கதவைத் தட்டி, "மருந்து போயிடப் போவுது" என்கிறாள். அவளுக்குக் கதை சொன்னது சாந்தி அக்கா.)

அத்தை மொய் எழுதப் போகும்போது, "ஆயிரத்தொண்ணு எழுதப் போறேன்" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டுதான் போனாள். மறுநாள் மொய் நோட்டை உட்கார்ந்து படித்தேன். அந்த வரி இப்படி இருந்தது:

புதுப்பட்டினம் சரோஜா. ஷாம்பு பதினோரு பாக்கெட்டு, இருபத்திரண்டு ரூபாய் போக, ரூ. 979.